பூமி சூடாகிறது என்றால் டெக்சாஸ் ஏன் உறைந்தது?

2021 பிப்ரவரியில் டல்லாஸ் பக்கம் மின்சாரம் இல்லாமல் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டதாகவும், குழாய் உறைந்து வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடன் வேலை செய்யும் ஒருவர் அந்தக் குளிரைக் காட்டி "புவி வெப்பமாதல் என்பதெல்லாம் பொய்" என்கிறார். இன்னொருவர் "ஆர்க்டிக் சூடானதால்தான் அந்தக் குளிரே வந்தது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பூமி சூடாகும்போது கடுங்குளிர் நாட்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பது ஒன்று. அப்படியும் வந்துவிடுகிற ஒரு குளிர் அலைக்கு ஆர்க்டிக் வெப்பமடைவது காரணமாக இருக்க முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

நான் வளிமண்டல அறிவியல் படித்து, பருவகால முன்கணிப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். துருவப் பகுதியை நேரடியாக ஆராய்ந்தவன் இல்லை. அந்த ஆய்வுகளை வேலைக்காகத் தொடர்ந்து படித்து, முன்கணிப்பில் எவ்வளவு உதவுகின்றன என்று பார்த்து வந்தவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடுங்குளிர் நாட்கள் குறைந்து வருகின்றன, வரும் குளிரின் கடுமையும் குறைந்து வருகிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. தன் 2021 அறிக்கையில், 1950களுக்குப் பிறகு நடந்த இந்த மாற்றத்தை "ஏறத்தாழ உறுதி" என்ற வகையில் வைத்திருக்கிறது. 99 விழுக்காட்டுக்கு மேல் நம்பிக்கை இருந்தால்தான் அந்தக் குழு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும். அமெரிக்காவின் வெப்பநிலைப் பதிவுகளை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஒரு நிலையத்தில் குறிப்பிட்ட தேதிக்கான அதிகபட்ச வெப்பச் சாதனையும் குறைந்தபட்சக் குளிர்ச் சாதனையும் எத்தனை முறை முறியடிக்கப்படுகின்றன என்று எண்ணினால், 1950களில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தன. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் ஒரு குளிர்ச் சாதனைக்கு இரண்டு வெப்பச் சாதனை என்று ஆகிவிட்டது. குளிர்ச் சாதனைகள் நின்றுவிடவில்லை என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. அவை அரிதாகியிருக்கின்றன.

காரணம் எளிமையானது. டெக்சாஸில் வந்து இறங்கும் கடுங்குளிர் டெக்சாஸில் உண்டாவதில்லை. கனடாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும் சூரியனே எட்டிப்பார்க்காத நீண்ட இரவில், பனி மூடிய நிலத்தின் மேல் கிடந்து கிடந்து வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து குளிர்ந்த காற்றுதான் தெற்கே வழிகிறது. அந்தப் பகுதிதான் உலகிலேயே வேகமாகச் சூடாகிறது. பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தினர் 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வடக்கிலிருந்து வரும் காற்றின் தொடக்க வெப்பநிலையே உயர்ந்துவிட்டால், அது தெற்கே கொண்டுவரும் குளிரும் குறையத்தான் செய்யும். வடக்குக் காற்று வீசும் நாட்கள் தெற்குக் காற்று வீசும் நாட்களைவிட வேகமாகச் சூடாகின்றன என்பதையும், அதனால் குளிர்கால வெப்பநிலையின் ஏற்ற இறக்கமே சுருங்குகிறது என்பதையும் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்க்ரீன் 2014 இல் காட்டினார்.

அப்படியானால் 2021 எப்படி நடந்தது? இங்கே அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி அப்போது ஏறக்குறைய 1.1 முதல் 1.2 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. டல்லாஸில் பிப்ரவரி மாதத்தில் மட்டும், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வரலாம். ஒன்றிரண்டு டிகிரி உயர்வு அந்த ஊசலாட்டத்தை அழித்துவிடாது, மேலே தூக்கி வைக்கும், அவ்வளவுதான். கனடாவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே இந்தக் காற்றை மறிக்கும் அளவுக்கு உயரமான மலைத்தொடர் எதுவும் கிழக்கு மேற்காக இல்லை. ராக்கி மலை வடக்கு தெற்காக நிற்கிறது, அதனால் அதன் கிழக்குச் சரிவை ஒட்டியே குளிர்க்காற்று தடையில்லாமல் இறங்கி வரும். இரண்டு மூன்று நாளில் ஆர்க்டிக் காற்று டெக்சாஸை எட்டிவிடும். உங்கள் ஊர்க்காரர்கள் 'ப்ளூ நார்தர்' என்று சொல்வது இந்தத் திடீர்க் காற்றைத்தான். காரில் கிளம்பும்போது அரைக்கைச் சட்டை, திரும்பும்போது ஸ்வெட்டர் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

2021 பிப்ரவரி 16 அன்று டல்லாஸ் – ஃபோர்ட் வொர்த்தில் பதிவானது மைனஸ் 19 டிகிரி. 1949க்குப் பிறகு அங்கே அவ்வளவு குளிர் வந்ததில்லை. மாநிலத்தின் 254 மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் பனிப்புயல் எச்சரிக்கை விடப்பட்டது. ஆனால் பழைய பதிவேட்டைப் புரட்டினால் இதைவிடக் கடுமையானவை இருக்கின்றன. டெக்சாஸின் வரலாற்றிலேயே குறைந்த வெப்பநிலை மைனஸ் 31 டிகிரி. 1899 பிப்ரவரியில் டுலியாவிலும் 1933 பிப்ரவரியில் செமினோலிலும் பதிவானது. 1899 அலையின்போது மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் நியூ ஆர்லியன்ஸைத் தாண்டி வளைகுடா வரை மிதந்து போயின. 1983 டிசம்பர், 1989 டிசம்பர் குளிரும் சாதாரணமானவை அல்ல. ஆக, 2021 குளிர் அந்த மண்ணுக்கு முன்பின் தெரியாத ஒன்று இல்லை. அதைப் புதுமையான ஒன்றாகக் காட்டி "காலநிலை மாற்றத்தின் விளைவு" என்று சொல்பவர்களும், "வெப்பமாதல் பொய்" என்று சொல்பவர்களும் இந்தப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

முதல் நண்பரின் வாதத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இதே வாதத்தை 2015 பிப்ரவரி 26 அன்று செனட்டர் ஜிம் இன்ஹோஃப் அமெரிக்க செனட் சபைக்குள் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து வீசிக் காட்டினார். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி உறைந்துகிடந்தது உண்மைதான். அதே மாதங்களில் கலிபோர்னியா உட்பட மேற்கு மாநிலங்கள் சாதனை அளவுக்கு வெப்பமாக இருந்தன. அந்த 2015தான் அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகவும் வெப்பமான ஆண்டாக முடிந்தது. அமெரிக்காவின் நிலப்பரப்பு பூமியின் மேற்பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் ஒரு மூலையின் குளிரை வைத்து உலகத்தைக் கணக்கிட முடியாது.

இப்போது இரண்டாவது நண்பரிடம் வருகிறேன். இவர் சொல்வது அறிவியலுக்குள்ளேயே நடக்கும் ஒரு விவாதம், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கருத்தைப் பரவலாக்கியது 2012 இல் ஜெனிஃபர் ஃபிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. வடதுருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம்தான் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டத்துக்கு வலுக் கொடுக்கிறது. ஆர்க்டிக் வேகமாகச் சூடானால் அந்த வித்தியாசம் குறையும். அப்போது ஜெட் காற்று தளர்ந்து, வடக்கும் தெற்குமாகப் பெரிய வளைவுகளாக நெளியும். வளைவு தெற்கே இறங்கும் இடத்தில் ஆர்க்டிக் காற்று கொட்டும், வளைவுகள் மெதுவாக நகர்வதால் அங்கேயே பல நாள் தங்கும். கேட்பதற்குப் பொருந்தி வரும் விளக்கம். 2013–14 குளிர்காலத்தில் 'போலார் வோர்டெக்ஸ்', அதாவது துருவச் சுழல், என்ற சொல் செய்திகளில் எல்லாம் அடிபட்டபோது இந்த விளக்கமும் கூடவே பரவியது.

துருவச் சுழல் என்பது ஜெட் காற்று இல்லை, இரண்டையும் செய்திகள் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகின்றன. ஜெட் காற்று தரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடுவது. துருவச் சுழல் அதற்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற வளிமண்டல அடுக்கில், குளிர்காலத்தில் மட்டும் துருவத்தைச் சுற்றி வேகமாகச் சுழலும் காற்று. வேகமாகச் சுற்றும்போது பம்பரம் போல நேராக நிற்கும், வேகம் தளர்ந்தால் தள்ளாடும், சில சமயம் இரண்டாகவே பிளந்துவிடும். அப்படிக் குலையும்போது அந்த உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பநிலை 50 டிகிரி வரைகூட ஏறிவிடும். 1952 இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற ஜெர்மானிய வானிலையாளர்தான் பலூன் கருவிகளின் மூலம் இதை முதலில் கண்டார். இது பத்தாண்டுக்குச் சுமார் ஆறு முறை நடக்கிறது. நடந்தபின் அடுத்த சில வாரங்களுக்கு ஐரோப்பா, வட ஆசியா, கிழக்கு அமெரிக்கா பக்கங்களில் குளிர் அலைக்கு வாய்ப்பு கூடும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். 2018 பிப்ரவரி 12 அன்று சுழல் குலைந்தது, மாதக் கடைசியில் பிரிட்டன் பனியில் முடங்கியது. பருவகால முன்கணிப்பு செய்கிறவர்கள் குளிர்காலத்தில் அந்த உயரத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

2021 ஜனவரி 5 அன்றும் சுழல் குலைந்தது. டெக்சாஸ் உறைந்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? ஜூடா கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் 2021 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் வேறொரு வழியைச் சொன்னார்கள். சுழல் முழுதாகக் குலையாமல் ரப்பர் வளையம் மாதிரி நீண்டு இழுபடும்போதும் வட அமெரிக்காவில் கடுங்குளிர் வருகிறது, அந்த இழுபடல் அண்மைப் பத்தாண்டுகளில் கூடியிருக்கிறது, வடக்கே கடல்பனி குறைந்ததும் சைபீரியாவில் இலையுதிர்காலப் பனிப்பொழிவு கூடியதும் அதற்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். டெக்சாஸ் குளிருக்கு முன்னாலும் அப்படி ஓர் இழுபடல் இருந்தது. இதற்கு எதிராக, ஸ்ட்ராட்டோஸ்பியரின் நிலையை மாற்றிவைத்து முன்கணிப்புக் கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்தவர்கள், மேலே எப்படி இருந்திருந்தாலும் அந்தக் குளிர் ஏறக்குறைய அப்படியேதான் வந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். சுழல் அந்தக் குளிருக்குத் துணையாக இருந்திருக்கலாம், முழுக் காரணம் அது என்று சொல்ல எனக்கு ஆதாரம் போதவில்லை.

ஆர்க்டிக் பனி குறைவுக்கும் தெற்கே வரும் குளிருக்கும் உள்ள தொடர்பில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது சைபீரியாவின் கதை. 1990களிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், உலகம் சூடாகிக்கொண்டிருந்தபோதே, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளிர்காலம் குளிர்ந்துகொண்டு வந்தது. அதே காலத்தில் அதற்கு வடமேற்கே பேரண்ட்ஸ், காரா கடல்களில் பனி வேகமாகக் குறைந்தது. பனி குறைந்த குளிர்காலங்களில் சைபீரியா அதிகம் குளிர்ந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மசாட்டோ மோரி குழு 2014 இல், கடல்பனி குறைந்ததால் மத்திய யூரேசியாவில் கடுங்குளிர்காலம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது என்று மாதிரிகளை வைத்துச் சொன்னது. திறந்த கடல் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது, அதனால் யூரல் மலைப் பக்கம் உயர் அழுத்தம் வலுக்கிறது, அதன் கிழக்கு விளிம்பு வழியாக ஆர்க்டிக் காற்று சைபீரியாவுக்குள் இறங்குகிறது என்பது விளக்கம்.

2019 இல் ரஸ்ஸல் பிளாக்போர்ட், ஸ்க்ரீன் முதலானோர் ஒரு நேரடியான கேள்வியை எழுப்பினார்கள். எது முதலில் நடக்கிறது? பனி குறைந்து, பிறகு காற்று மாறுகிறதா? அல்லது காற்று மாறி, பிறகு பனி குறைகிறதா? நாள் வரிசையாகப் பிரித்துப் பார்த்தபோது காற்றுதான் முந்தியது. யூரல் பக்கம் உயர் அழுத்தம் அமைந்தால் அதன் மேற்கு விளிம்பு அட்லாண்டிக்கின் வெப்பமான ஈரக்காற்றை வடக்கே பேரண்ட்ஸ் கடலுக்கு அனுப்பும், அங்கே பனி குறையும். அதே உயர் அழுத்தத்தின் கிழக்கு விளிம்பு குளிர்க்காற்றை சைபீரியாவுக்கு அனுப்பும். ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் அவை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நாம் படித்துக்கொண்டிருந்தோம் என்பது அவர்கள் முடிவு. அதற்கப்புறம் இன்னொன்றும் நடந்தது. 2010களின் தொடக்கத்துக்குப் பிறகு கடல்பனி மீளவில்லை, ஆனால் சைபீரியாவின் குளிர்ச்சிப் போக்கு தொடரவும் இல்லை. பனிக்குறைவுதான் முதன்மைக் காரணம் என்றால் அது தொடர்ந்திருக்க வேண்டும். ஜெட் காற்றின் வளைவுகள் விஷயத்திலும் இதே மாதிரிதான். ஃபிரான்சிஸ் கட்டுரைக்குப் பிறகு சேர்ந்த ஆண்டுகளின் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது வளைவுகள் கூடும் போக்கு மங்கிவிட்டது.

இதனால் விவாதம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் டக் ஸ்மித் தலைமையில் 16 காலநிலை மாதிரிகளில் ஒரே சோதனையைச் செய்து 2022 இல் வெளியிட்டார்கள். எதிர்காலத்தில் கடல்பனி குறைந்தால் ஜெட் காற்று தெற்கே நகர்ந்து சற்றுத் தளர்கிறது என்பது எல்லா மாதிரிகளிலும் பொதுவாக வந்தது. ஆனால் விளைவு சிறியது, ஆண்டுக்கு ஆண்டு இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும் அளவு. மாதிரிகள் இந்த விளைவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதற்கும் அதே ஆய்வில் அறிகுறி இருந்தது. கோஹன் போன்றவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான், அது நியாயமும்கூட. ஆர்க்டிக் வெப்பம் நடு அட்சரேகைகளின் வானிலையை எப்படி மாற்றுகிறது என்பதில் நம்பிக்கை குறைவு என்றுதான் ஐ.பி.சி.சி. சொல்கிறது. என் சாய்வைக் கேட்டால், தொடர்பு ஓரளவு இருக்கலாம், ஆனால் காற்று மாறுவதால் கூடும் குளிரைவிட, அந்தக் காற்றே சூடாகிவிட்டதால் குறையும் குளிர் அதிகம். எண்ணிக்கைகளும் அப்படித்தான் போகின்றன.

இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு 2024 ஜனவரி. ஸ்வீடனின் வடக்கே க்விக்யோக் பக்கம் மைனஸ் 43.6 டிகிரி பதிவானது, 25 ஆண்டுகளில் அந்நாட்டின் மிகக் குளிர்ந்த ஜனவரி இரவு அது. வானிலை நிகழ்வுகளில் காலநிலை மாற்றத்தின் பங்கைக் கணக்கிடும் 'வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்' குழுவினர் அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, மனிதர்கள் பூமியைச் சூடாக்காமல் இருந்திருந்தால் அதே மாதிரி வானிலை அமைப்பு ஏறக்குறைய 4 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருக்கும் என்றும், அவ்வளவு குளிர் நாள் சுமார் ஐந்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும் என்றும் கண்டார்கள். உறைந்துபோன ஒரு நாளைக் காட்டி "இதுவும் வெப்பமாதலுக்குச் சான்று" என்று சொன்னால் கேட்பவருக்கு எரிச்சல் வரும் என்பது எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குளிர் வெப்பமாதலையும் மீறி வந்தது, அதனால்தான் அது 43.6 இல் நின்றது.

நீங்கள் பனிப்பொழிவைப் பற்றியும் இடையில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பனி அதிகம் கொட்டுவதும் குளிர் அதிகம் என்பதும் வேறு வேறு. ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குக் கீழேயே வெப்பநிலை இருக்கும் இடத்தில் அந்தக் கூடுதல் ஈரம் பனியாக இறங்கலாம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஏரி வெப்பமாகவும் உறையாமலும் கிடக்கும்போது அதன் மேல் குளிர்க்காற்று ஓடினால் அடி அடியாகப் பனி குவிகிறது. அமெரிக்க – கனடா எல்லையிலுள்ள 'கிரேட் லேக்ஸ்' எனும் பெரிய ஏரிகளில் உறைபனிப் பரப்பு 1970களிலிருந்து குறைந்து வருவதால், குளிர்காலத்தின் நடுவில்கூட ஏரி திறந்தே இருக்கிறது. வெப்பமாதல் பனிப்பொழிவைக் கூட்டக்கூடிய இடங்கள் உண்டு என்று சொன்னால் அது சரி. அதைக் கடுங்குளிருக்கு நீட்டினால் தவறாகிவிடும்.

இந்தியக் குளிர் பற்றியும் இங்கே சிலர் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இமயமலை ஆர்க்டிக், சைபீரியக் காற்றை மறித்து நிற்பதால், டெக்சாஸில் நடப்பது தில்லியில் நடக்காது. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியில் பகல் வெப்பநிலையே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் அதற்கு முக்கியக் காரணம் மூடுபனி சூரியனை மறைத்ததுதான். ஊட்டியின் உறைபனி இன்னும் உள்ளூர் விஷயம், மேகமில்லாத ஜனவரி இரவில் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தேங்குவதால் வருவது. இவற்றைத் துருவச் சுழலோடு முடிச்சுப்போடும் செய்திகளைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

குளிர் குறைகிறது என்பதால் குளிரின் சேதமும் தானாகக் குறைந்துவிடும் என்று எண்ணக் கூடாது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பிரான்சில் திராட்சைத் தோட்டங்களும் பழத்தோப்புகளும் உறைபனியில் கருகின. விவசாயிகள் இரவெல்லாம் கொடிகளுக்கிடையே தீச்சட்டிகளை ஏற்றிவைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். மார்ச் மாதம் வெப்பமாக இருந்ததால் மொட்டுகள் முன்கூட்டியே விரிந்திருந்தன. அந்தக் குளிரே சூடாகாத உலகில் ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த உலகில் அந்த நேரத்தில் மொட்டுகள் மூடியே இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு, துளிர்விட்ட பருவத்தில் இப்படி ஓர் உறைபனி வரும் வாய்ப்பு வெப்பமாதலால் 60 விழுக்காடு கூடியிருக்கிறது என்றது. குளிர் மென்மையானது, சேதம் பெருகியது, இரண்டும் ஒரே தோட்டத்தில்.

டெக்சாஸிலும் உங்களைப் பாதித்தது குளிர் மட்டும் இல்லை. அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள், 45 லட்சம் வீடுகள் இருளில் கிடந்தன. பிப்ரவரி 15 அதிகாலையில் மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுதாகச் சரிவதற்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. நின்றுபோன மின்நிலையங்களில் பாதிக்கும் மேல் எரிவாயு நிலையங்கள். குழாய்களும் கருவிகளும் உறைந்தன, வாயுக் கிணறுகளுக்கே மின்சாரம் போய் வாயு வருவது நின்றது. காற்றாலைகளும் உறைந்தன, ஆனால் அப்போது சொல்லப்பட்ட அளவுக்கு அவை காரணம் இல்லை. 2011 பிப்ரவரியில் இதே மாநிலத்தில் இதே மாதிரி நடந்தபோதே, உபகரணங்களைக் குளிருக்குத் தாங்கும்படி மாற்ற வேண்டும் என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கை எழுதி வைத்திருந்தது. பத்தாண்டில் பெரும்பாலானவர்கள் செய்யவில்லை. எப்போதோ வரும் குளிருக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருந்தது. குளிர் இன்னும் அரிதாகும்போது அந்த எண்ணம் இன்னும் வலுக்கும், எனக்குப் பெரிய கவலை அதுதான்.

இனி அப்படி ஒரு குளிர் வருமா என்றும் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வரும். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து நிற்கும் காலத்திலும் வரலாம், வாய்ப்பு முன்பைவிடக் குறைவு என்பதுதான் வித்தியாசம். 2021 இல் டெக்சாஸ் சட்டமன்றம் மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பர், 2024 ஜனவரிக் குளிர்களில் உங்கள் மின்கட்டமைப்பு தாக்குப்பிடித்தது. அதே 2022 டிசம்பரில் பக்கத்தில் டென்னசி பள்ளத்தாக்கு மின்வாரியம் தன் ஏறக்குறைய 90 ஆண்டு வரலாற்றில் முதல் முறையாகச் சுழற்சி மின்வெட்டு செய்ய வேண்டி வந்தது. வீட்டளவில், வெளிச்சுவரை ஒட்டிப் போகும் தண்ணீர்க் குழாய்களுக்கு உறை போட்டுவிடுங்கள், பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். குளிர் எச்சரிக்கை வந்த இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு, சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், மூடிய கேரேஜில் காரை ஓடவிட்டு உட்காராதீர்கள். 2021 இல் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.